ஆடி வரைக்கும்

திம்மராஜ் வரும்போதே புலியோடு வந்தார்.
போனில் இருந்தது, வாயைப் பிளந்துகொண்டு.
"புலி மார்க் புளி. சொல்லிப் பாருங்க மேடம்,
நாக்குலயே நிக்கும்.
நாளைக்குக் காலையில டிசைன் வேணும்.
தை பொறந்தாச்சு, பழையபேட்டையில
மூட்டை இறங்கிட்டிருக்கு."

நான் ஒரு கிலோ புளி கேட்டேன்.
இந்த வருஷத்தது அரை, போன வருஷத்தது அரை.
புலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கொண்டுவந்து போட்டார்.

மேசைமேல் இரண்டு குவியல்.
ஒன்று உடைத்த செங்கல் நிறம்.
மற்றது, சொன்னால் கோபித்துக்கொள்வார்,
தார்.
அவர் கேட்டதோ முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல்.
"சரக்கு தெரியணும், நம்பிக்கை வரணும்."
தையில் வரும் நம்பிக்கை
ஆடியில் என்ன நிறத்தில் இருக்கும்?
"அதை அப்ப பாத்துக்கலாம்."

அப்போது பார்த்துக்கொள்ள முடியாது.
ரவுண்டானாவில் கட்டி
மறுநாள் கழற்றுகிற ஃப்ளெக்ஸ் இல்லை இது.
ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர்,
செம்பில் வெட்டுகிறார்கள்.
வெட்டிய பிறகு
ஒரு கொம்பு சேர்க்க, ஒரு புள்ளி நீக்க
ரப்பர் கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
போன மாம்பழ சீசனில்
காவேரிப்பட்டணத்துக் கூழ்க்காரர் ஒருவருக்கு
ஒரே ராத்திரியில் லேபிள் முடித்துக் கொடுத்தேன்.
கைதட்டினார்கள். ஸ்வீட் வந்தது.
எடையை அச்சிட மட்டும்
இடம் விட்டிருக்கவில்லை.
பதினெட்டாயிரம் லேபிள்
இன்னும் என் பரணில் கிடக்கிறது.
பின்பக்கம் நல்ல வெள்ளை.
இதையும் அதில்தான் எழுதுகிறேன்.

பிறகு நாட்கள் போயின.
திம்மராஜ் தினமும் கேட்டார்: "வரைஞ்சாச்சா?"
வரையவில்லை.
கடைகளில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊத்தங்கரையில் ஹாஸ்டலுக்குச் சமைக்கும் நாகவேணி
கவரைப் பல்லால் கிழித்தார்,
மேலே, இடது ஓரத்தில்.
அடுத்த கடையில் இன்னொருவர்,
அதே பல், அதே ஓரம்.
புலியின் தலை வரவேண்டிய இடம் அது.

குப்பத்துக் கடைக்காரருக்கு
மாதிரி கவரை நீட்டினேன்.
புலியைப் பார்த்தார், முகர்ந்தார்,
"தைலமா?" என்றார்.
தெலுங்கில் புலி வெறும் புலிதான்,
புளிக்காது.

மாதக் கடைசிக்குள் நோட்டில்
முப்பத்தொரு கேள்வி, ஒரு கோடு இல்லை.
திம்மராஜின் மச்சான் சொன்னாராம்,
பெங்களூரில் ஒரு பையன் இரண்டு மணி நேரத்தில் போடுகிறான் என்று.
போடுவான்.
நானும் போட்டவள்தானே.

மாசி கடைசியில் ஒரு சாயங்காலம்
உட்கார்ந்தேன், கரண்ட் போவதற்குள் முடிந்துவிட்டது.
ஜன்னல் விரல் அகலம்.
அதன் இருபக்கமும் இரண்டு பட்டை,
செங்கல் ஒன்று, தார் ஒன்று.
தையில் இப்படி.
ஆடியில் இப்படி.
புளி அதே புளி.
பேர் மூன்று எழுத்திலும், பல் எட்டாத உயரத்தில்.
புலியை விரட்டவில்லை.
எடைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகமளவு,
படுத்துத் தூங்குகிறது.

"ஒரு சாயங்காலம் வரைஞ்சதுக்கா இந்த பில்லு?"
மூன்று தவணை என்று பேச்சு.
ஒன்று வந்தது.

ஆடி பிறந்தது. வெயில் குறையவில்லை.
சிங்காரப்பேட்டையில் பஸ் மாறும்போது
பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.
உள்ளே புளி கறுத்திருந்தது,
பட்டையில் சொன்ன அளவுக்கு, சொன்ன மாதத்தில்.
ஒரு பெண் ஜன்னலைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார்,
காசை எடுத்தார்.
நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி போன்.
"மேடம், அடுத்து மிளகாய்த்தூள்.
நாளைக்குக் காலையில டிசைன் வேணும்."
நான் வாயைத் திறப்பதற்குள்
தொண்டையைச் செருமினார்:
"புதுசு அரை கிலோ, பழசு அரை கிலோ
ஆட்டோவுல ஏத்திட்டேன்.
தவணையப் பத்தி
அப்புறம் பேசுவோம்."